குளத்து நீர் ஏறும்போது எந்த மட்டத்தில் வடிவம் மாறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்: கணிதப் பகுதி

சென்ற இதழில் அவதிப் புள்ளிகள் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வந்திருந்தது. ஒப்பமான ஒரு சார்பின் முதற் பெறுதிகள் அனைத்தும் ஒருங்கே பூச்சியமாகும் இடம் அவதிப் புள்ளி. உயர்தர வகுப்பில் நிலையான புள்ளி என்று படிப்பதும் அதுவே. மேற்பரப்பில் அது இழிவாகவோ, உயர்வாகவோ, ஒரு திசையில் ஏறி மறு திசையில் இறங்கும் சேணப் புள்ளியாகவோ இருக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தோம். அதையொட்டி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. பதில்களில் மாறிகளைக் க, ச என்றும் சார்பைப் ப என்றும் எழுதுகிறோம்.

கேள்வி: ப = 3க⁵ − 5க³ என்ற சார்புக்கு க = 0 இல் முதற் பெறுதி, இரண்டாம் பெறுதி இரண்டும் பூச்சியம். "இரண்டாம் பெறுதி பூச்சியம், ஆகவே விபத்திப் புள்ளி" என்று எழுதினேன். விடை சரி, ஆனால் புள்ளி குறைத்துவிட்டார்கள். ஏன் ஐயா?
— உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: விடை சரி, காரணம் பிழை. க⁴ ஐ எடுத்துப் பாருங்கள். அதற்கும் பூச்சியத்தில் இரண்டு பெறுதிகளும் பூச்சியம்தான், ஆனால் அங்கே இருப்பது இழிவு. இரண்டாம் பெறுதி பூச்சியமானால் அந்தச் சோதனையால் எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் சார்பை ஒழுங்காகச் செய்வோம். முதற் பெறுதி 15க²(க² − 1). ஆகவே அவதிப் புள்ளிகள் −1, 0, 1. இரண்டாம் பெறுதி 60க³ − 30க. அது −1 இல் −30, எனவே உயர்வு, பெறுமானம் 2. அது 1 இல் 30, எனவே இழிவு, பெறுமானம் −2. பூச்சியத்தில் முதற் பெறுதியின் குறியைப் பாருங்கள்: −1 இற்கும் 0 இற்கும் இடையில் மறை, 0 இற்கும் 1 இற்கும் இடையிலும் மறை. குறி மாறவில்லை, ஆகவே அது திரும்பற் புள்ளி அல்ல. இரண்டாம் பெறுதியின் குறி நேரிலிருந்து மறைக்கு மாறுகிறது, ஆகவே விபத்திப் புள்ளி. இந்த இரண்டு வரியையும் எழுதியிருந்தால் புள்ளி முழுதாகக் கிடைத்திருக்கும்.

பூச்சியமாகாத முதல் பெறுதி எத்தனையாவது என்று பார்க்கும் முறையும் உண்டு. அது ஒற்றை வரிசை என்றால் திரும்பற் புள்ளி இல்லை. இரட்டை வரிசை என்றால் உயர்வோ இழிவோ. இங்கே மூன்றாம் பெறுதி 180க² − 30, பூச்சியத்தில் −30, ஆகவே ஒற்றை. ஆனால் இம்முறை எப்போதும் கைகொடுக்காது. −1/க² ஐ அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை எடுத்து, க = 0 இல் அதன் பெறுமானம் 0 என்று வையுங்கள். அது ஒப்பமான சார்பு, பூச்சியத்தில் தெளிவான இழிவு உண்டு, ஆனால் அங்கே எந்த வரிசைப் பெறுதியும் பூச்சியமே. குறி அட்டவணை அங்கும் வேலை செய்யும். பரீட்சையில் குறி அட்டவணையையே நம்புங்கள்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் கீழே வரும் கேள்விகள் பலவற்றின் வேர் அதுதான். உங்கள் சார்போடு 0.15க என்ற சின்ன உறுப்பைக் கூட்டுங்கள். முதற் பெறுதி 15க⁴ − 15க² + 0.15 ஆகும். பூச்சியத்தில் இருந்த ஒரு புள்ளி இப்போது இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ −0.1 இல் இழிவாகவும் 0.1 இல் உயர்வாகவும் நிற்கும். கூட்டாமல் 0.15க ஐக் கழித்தால் அந்தப் புள்ளி அடியோடு மறைந்துவிடும். ஆனால் −1 இலும் 1 இலும் இருந்தவை இரண்டு விதத்திலும் மயிரிழை நகர்வதோடு சரி. உயர்வு உயர்வாகவும் இழிவு இழிவாகவும் இருக்கும். இரண்டாம் பெறுதி பூச்சியமாகாத அவதிப் புள்ளி உறுதியானது. பூச்சியமாவது சிதைந்தது, சிறு தள்ளலுக்கே அது பிரியும் அல்லது காணாமல் போகும்.

கேள்வி: இரு மாறிச் சார்பு ஒன்றின் ஹெசியன் துணிகோவை (இரண்டாம் பெறுதிகளை அடுக்கிய தாயத்தினது) பூச்சியமானால், புள்ளியினூடாகச் செல்லும் எல்லா நேர்கோடுகளிலும் சார்பைச் சோதித்து, எல்லாவற்றிலும் இழிவு வந்தால் இழிவு என்று மாணவருக்குச் சொல்லலாமா?
— கணித ஆசிரியர், மாங்குளம்

பதில்: சொல்லக்கூடாது. ஜியுசெப்பே பியானோ 1884 இல் காட்டிய வகை உதாரணம் இதற்கு நேரடி விடை:

ப = (ச − க²)(ச − 2க²)

உற்பத்தி, அதாவது (0, 0) என்ற புள்ளியினூடாகச் செல்லும் ச = மக என்ற கோட்டில் இது ம²க² − 3மக³ + 2க⁴ ஆகும். ம பூச்சியமல்ல என்றால் முதல் உறுப்பால் இழிவு; ம பூச்சியம் என்றால் 2க⁴, அதுவும் இழிவு; நிலைக்குத்துக் கோட்டில் ச², அங்கும் இழிவு. ஒரு கோடும் மிச்சமில்லை. ஆனால் க = 0.1, ச = 0.015 என்று போடுங்கள்: 0.005 × (−0.005) = −0.000025. உற்பத்திக்கு எவ்வளவு அருகில் வந்தாலும் ச = 1.5க² என்ற பரவளைவில் சார்பு மறையாகவே இருக்கும். எந்த நேர்கோடும் உற்பத்திக்குக் கிட்ட வரும்போது இரு பரவளைவுகளுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுக்கமான பகுதியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் கோடுகளுக்கு இது தெரிவதில்லை.

சரியான வழி வர்க்கம் பூர்த்தியாக்கல். ஹெசியன் தாயத்தில் பூச்சியமாகாத திசை எது என்று முதலில் பாருங்கள். இங்கே அது ச திசை, இரண்டாம் பெறுதி 2. அந்த மாறியில் வர்க்கத்தைப் பூர்த்தியாக்குங்கள்:

ச² − 3க²ச + 2க⁴ = (ச − 1.5க²)² − 0.25க⁴

நல்ல திசை வர்க்கத்துக்குள் போய்விட்டது. எஞ்சியது −0.25க⁴ என்ற ஒரு மாறிச் சார்பு, அது உயர்வு. ஒரு பக்கம் இழிவு, மறுபக்கம் உயர்வு, ஆகவே உற்பத்தி இழிவல்ல. எத்தனை மாறி இருந்தாலும் முறை இதுவே: சிதையாத திசைகளை வர்க்கங்களாகப் பிரித்தெடுத்து, மிஞ்சிய சிதைந்த பகுதியை மட்டும் தனியே ஆராயுங்கள். வகுப்பில் இந்த ஒரு உதாரணத்தைக் கரும்பலகையில் முழுதாகச் செய்துகாட்டினால் போதும்.

கேள்வி: எங்கள் குளத்தில் சிறுபோகக் கடைசியில் துருசுப் பக்கம் வற்றிவிடுகிறது. மேற்கு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, நடுவில் ஒரு மேடு. கொள்ளளவு அட்டவணையில் அந்தத் தண்ணீரும் சேர்ந்தே இருக்கிறது. உங்கள் சென்ற இதழ்க் குறிப்பில் "சேணப் புள்ளி" என்று வாசித்தபோது இதுதானோ என்று பட்டது. எவ்வளவு ஆழம் வெட்டினால் அந்தத் தண்ணீர் வரும்?
— கமக்கார அமைப்புச் செயலாளர், ஒட்டுசுட்டான்

பதில்: அதுவேதான். நிலத்தின் உயரத்தைச் சார்பாக எடுத்தால் குளத்தடியின் ஒவ்வொரு மடுவும் ஓர் இழிவு, இடையில் தெரியும் ஒவ்வொரு திட்டியின் உச்சியும் ஓர் உயர்வு, இரண்டு மடுக்களுக்கு இடையே மேட்டைக் கடக்கும் மிகத் தாழ்ந்த இடம் சேணப் புள்ளி. காலபோக மழையோடு நீர் ஏறும்போது கவனித்தால், பெரும்பாலான நேரம் நீர்ப்பரப்பு அகலுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. வடிவம் மாறுவது அவதிப் புள்ளிகளின் மட்டத்தில் மட்டுமே. ஒரு மடுவின் அடிமட்டத்தில் புதுக்குட்டை ஒன்று தோன்றும். சேண மட்டத்தில் இரண்டு குட்டைகள் ஒன்றாகும், அல்லது ஒரே நீர் சுற்றி வந்து தன்னையே தொட்டு ஒரு திட்டியைத் தீவாக்கும். உச்சி மட்டத்தில் தீவு மூழ்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. நிரம்பிய குளத்தின் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க, தீவெல்லாம் மூழ்கிவிட்டால், மடுக்கள் − சேணங்கள் + திட்டிகள் = 1. மூன்று மடுவும் இரண்டு திட்டியும் கண்டிருந்தால் சேணங்கள் நான்கு இருந்தே ஆகவேண்டும்: மூன்று குட்டைகளை ஒன்றாக்க இரண்டு, தீவுகளைச் சுற்றி வளைக்க இரண்டு. அளவீட்டில் மூன்றுதான் கிடைத்தது என்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடித்த பிறகே அட்டவணை போடுங்கள்.

இனி உங்கள் வெட்டு. கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் அளவுகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். துருசின் அடிமட்டம் 0 அடி. மேற்கு மடுவின் அடி 1.5 அடி. சேணம் 4.2 அடி. சேண மட்டத்தில் அந்த மடுவின் நீர்ப்பரப்பு 30 ஏக்கர். சிதையாத இழிவைச் சுற்றி நிலம் பரவளைவுக் கிண்ணம் போலிருக்கும்; அப்படியான கிண்ணத்தில் பரப்பு ஆழத்தோடு நேர்விகிதத்தில் கூடும், கனவளவு = அரை × பரப்பு × ஆழம். ஆகவே சிறைப்பட்ட நீர் ½ × 30 × 2.7 = 40.5 ஏக்கர்-அடி. துருசு எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் சேணத்துக்குக் கீழுள்ள இந்த நீர் தானாக வராது. அட்டவணையில் பயன்படு கொள்ளளவு என்ற நிரலில் துருசோடு தொடுத்த குட்டையை மட்டும் எழுதி, மற்றதைத் தனி நிரலில் போடவேண்டும்.

வெட்டும் கோடு சேணத்தினூடாகப் போகவேண்டும், இரு பக்கமும் நிலம் மிகச் செங்குத்தாக இறங்கும் திசையில். மேட்டின் முதுகு ஓடும் திசைக்கு அது செங்குத்து. சேணத்திலிருந்து இரு பக்கமும் 100 அடி தள்ளி நிலம் அரை அடி இறங்குகிறது என்றால், சேணத்துக்குக் கிட்ட இறக்கம் = 0.00005 × தூரத்தின் வர்க்கம். வாய்க்கால் அடியை 2.5 அடி மட்டத்துக்குக் கொண்டுபோக 1.7 அடி இறக்கவேண்டும். நிலம் தானாக அந்த மட்டத்துக்கு வருவது √(1.7 ÷ 0.00005) = 184 அடி தூரத்தில், இரு பக்கமும் சேர்த்து 369 அடி. வெட்டின் நீளவெட்டுமுகம் ⅔ × 1.7 × 369 = 418 சதுர அடி. 4 அடி அகலம் என்றால் 1,672 கன அடி, ஏறத்தாழ 17 கியூப் மண். பக்கச் சரிவுக்கு வெட்டும் மண் இதற்கு மேல்.

கிடைக்கும் நீர்: கிண்ணத்தில் கனவளவு ஆழத்தின் வர்க்கத்தோடு போகும். மிஞ்சும் ஆழம் 1 அடி, ஆகவே மிஞ்சும் நீர் 40.5 × (1 ÷ 2.7)² = 5.6 ஏக்கர்-அடி; வருவது சுமார் 35. வெட்டைப் பின்னும் ஆழமாக்கினால் மண் கூடும், நீர் சொற்பமே கூடும். அந்த 5.6 ஐ மாட்டுக்கும் மீனுக்கும் விட்டுவிடுவதே எங்கள் அபிப்பிராயம்.

பிழை போகக்கூடிய இடங்கள் மூன்றைச் சொல்கிறோம். வர்க்க இறக்கம் என்பது சேணத்துக்குக் கிட்டத்தான் உண்மை. 184 அடி தூரத்தில் அது பொய்க்கலாம். கோட்டின் வழியே 50 அடிக்கு ஒரு மட்டம் எடுத்துச் சரிபாருங்கள். இரண்டாவது, கொள்ளளவு அட்டவணைக்கு ஓர் அடிக்கு ஒரு முறை பரப்பு எடுப்பது வழக்கம், ஆனால் சேண மட்டத்தில் பரப்பு கூடும் வேகம் எல்லையின்றிப் பெருகும்; அதற்கு மேலும் கீழும் ஓர் அடிக்குக் கால் அடிக்கு ஒரு தடவை எடுக்காவிட்டால் அட்டவணை அந்த இடத்திலேயே பிழையாகிவிடும். மூன்றாவது, வாய்க்கால் அடி துருசுப் பக்கம் சற்று இறங்கவேண்டும், மட்டமாக விட்டால் முதல் மாரியிலேயே வண்டல் மூடிவிடும். குளத்தின் உள்ளே மண் வெட்ட, குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும்.

கேள்வி: வளையப் பரப்பை (டயர் வடிவப் பரப்பை) கிடையாக வைத்து உயரச் சார்பை எடுத்தேன். அவதிப் புள்ளிகள் எண்ணிக்கையில்லாமல் வருகின்றன. மோர்ஸ் கொள்கை நான்கு என்கிறதே? சில இடங்களில் மூன்று போதும் என்றும் இருக்கிறது.
— பல்கலைக்கழக மாணவர், பம்பைமடு, வவுனியா

பதில்: கிடையாக வைத்தால் உச்சி முழுவதும் ஒரு வட்டம், அடி முழுவதும் ஒரு வட்டம். வட்டத்தின் வழியே நகர்ந்தால் உயரம் மாறாது, ஆகவே அந்தத் திசையில் இரண்டாம் பெறுதி பூச்சியம், எல்லாப் புள்ளியும் சிதைந்தவை. அவதிப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பரப்பின் வடிவத்தோடு இணைத்து 1925 இல் மார்ஸ்டன் மோர்ஸ் வெளியிட்ட கணக்கு சிதையாத புள்ளிகளுக்கானது. வட்டங்களாக வரும் அவதிப் புள்ளிகளுக்கு ராவுல் பொட் 1950 களில் வேறொரு வடிவம் கொடுத்தார். உங்கள் பயிற்சிக்கு அது தேவையில்லை, வளையத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். சார்ட் தேற்றத்தின்படி ஏறத்தாழ எல்லாத் திசைகளும் நல்ல திசைகள். நீங்கள் எடுத்தது விதிவிலக்கான திசை.

நிமிர்த்தி வைத்துச் செய்வோம். பெரிய ஆரை 3, சிறிய ஆரை 1 என்றால் உயரம் (3 + கோசைன் க) × கோசைன் ச. அவதிப் புள்ளிகள் நான்கு, அவற்றின் உயரங்கள் −4, −2, 2, 4. உயரம் 2 இலுள்ள புள்ளியில் க = 180°, ச = 0°. அங்கே க திசையில் இரண்டாம் பெறுதி 1, ச திசையில் −2, குறுக்குப் பெறுதி 0, ஆகவே சேணம். இறங்கும் திசைகளின் எண்ணிக்கையே சுட்டி. கீழிருந்து மேலாகச் சுட்டிகள் 0, 1, 1, 2. கூட்டல் கழித்தல் 1 − 2 + 1 = 0. வளையப் பரப்பின் ஒயிலர் எண்ணும் (முக்கோணங்களாகப் பிரித்தால் மூலைகள் − விளிம்புகள் + முகங்கள்) 0.

கீழிருந்து வெட்டிப் பாருங்கள். −4 இற்குச் சற்று மேலே வட்டத்தட்டு. −2 ஐக் கடந்ததும் அது இரு முனையும் திறந்த உருளை. தட்டில் ஒரு பட்டியை ஒட்டியதுபோல. 2 ஐக் கடந்ததும் இன்னொரு பட்டி, விளிம்பு மறுபடி ஒரே வட்டம். 4 இல் ஒரு மூடி. இடைப்பட்ட உயரங்களில் படித்திறன், அதாவது மிகச் செங்குத்தாக ஏறும் திசையும் அளவும், பூச்சியமாகாது. அதன் வழியே பரப்பை ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கிழியாமல் தள்ளிச் செல்லலாம். "இடையில் ஒன்றும் நடக்காது" என்பதன் நிறுவல் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நிறுவலை எழுதும்போது பரப்பு முடிவுள்ள அளவானது, அதாவது இறுக்கமானது, என்பதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று அடிக்கோடிடுங்கள். பரீட்சகர் அதைத்தான் தேடுவார்.

மூன்று என்பதும் உண்மை, ஆனால் சிதைவை அனுமதித்தால் மட்டும். வளையத்தில் க, ச இரண்டும் 0° முதல் 360° வரை சுற்றிவரும் கோணங்கள் என்று வைத்து இதை எடுங்கள்:

ப = சைன் க + சைன் ச + சைன் (க + ச)

பெறுதிகளைப் பூச்சியமாக்கினால் கோசைன் க = கோசைன் ச என்று வரும். தீர்த்தால் மூன்றே புள்ளிகள்: (60°, 60°) இல் உயர்வு, 2.598, (300°, 300°) இல் இழிவு, −2.598, (180°, 180°) இல் பெறுமானம் 0. கடைசிப் புள்ளியிலிருந்து சிறு விலக்கங்களைக் க, ச என்று எடுத்தால் சார்பு ஏறத்தாழ −கச(க + ச)/2. சுற்றிவர மூன்று ஏற்றம், மூன்று இறக்கம்: குரங்குச் சேணம். சாதாரணச் சேணம் −1 என்று எண்ணப்பட, இது −2 என்று எண்ணப்படும், ஆகவே 1 − 2 + 1 = 0 என்ற கணக்கு இங்கும் குலைவதில்லை. சார்பைச் சற்றுத் தள்ளினால் இந்தப் புள்ளி இரண்டு சாதாரணச் சேணங்களாகப் பிரியலாம். அப்போது பழைய நான்கு திரும்பி வரும்.

கேள்வி: இரண்டு உச்சிகள் இருந்தால் இடையில் ஒரு சேணம் இருந்தே தீரும் அல்லவா?
— ஆசிரிய பயிலுநர், முல்லைத்தீவு

பதில்: மூடிய பரப்பில் ஆம். முடிவின்றி விரியும் தளத்தில் இல்லை.

ப = −(க² − 1)² − (க²ச − க − 1)²

இதற்கு (1, 2), (−1, 0) என்ற இரண்டு உயர்வுகள் உண்டு, இரண்டிலும் பெறுமானம் 0. வேறு அவதிப் புள்ளியே இல்லை. ச குறித்த பெறுதி பூச்சியமாக க = 0 அல்லது க²ச = க + 1 ஆகவேண்டும். முதலாவதில் க குறித்த பெறுதி −2, ஆகவே ஆகாது; இரண்டாவதில் க² = 1 மட்டுமே மிஞ்சும். சேணம் எங்கே போனது? ச = (க + 1)/க² என்ற வளைகோட்டில் நடந்து க ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். உயரம் −1 ஐ அணுகும், படித்திறன் பூச்சியத்தை அணுகும், ஆனால் ச முடிவிலிக்குப் போய்விடும். சேணம் தளத்தை விட்டு ஓடிவிட்டது. அப்படி ஓட முடியாது என்று உறுதிசெய்யவே 1960 களில் பலே, ஸ்மேல் இருவரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பெறுமானம் ஓர் எல்லைக்குள் நிற்க, படித்திறன் பூச்சியத்தை நெருங்கும் புள்ளித்தொடர் எதிலும் ஒருங்கும் உபதொடர் ஒன்று இருக்கவேண்டும்.

இதன் உறவான இன்னொன்று: க² + ச²(1 − க)³ இற்கு உற்பத்தி ஒன்றே அவதிப் புள்ளி, அது இழிவு. ஆனால் க = 2, ச = 3 இல் பெறுமானம் −5. ஒரு மாறியில் இப்படி நடக்காது. ஒரே நிலையான புள்ளி, அது இழிவு என்றால் அதுவே முழு இழிவு. உயர்தரத்தில் பழகிய அந்த வாதத்தை இரு மாறிக்குக் கொண்டுபோகவேண்டாம்.

கேள்வி: இரண்டே அவதிப் புள்ளிகள் இருந்தால் அது கோளமா?
— வாசகர், மன்னார்

பதில்: விளிம்பில்லாத இறுக்கமான பரப்பு, இரண்டும் சிதையாதவை என்றால் இடவியல் நோக்கில் கோளம், ஜோர்ஜ் ரீப் 1946 இல் நிறுவியது. "இடவியல் நோக்கில்", அதாவது கிழிக்காமல் ஒட்டாமல் வளைத்து நீட்டி மாற்றலாம் என்ற அளவில், என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஜோன் மில்னர் 1956 இல் 7 பரிமாணத்தில் இதே சோதனையைக் கொண்டுதான் சில உருக்கள் கோளங்களே என்று காட்டினார், அதேவேளை அவற்றின் ஒப்பமான அமைப்பு வழக்கமான கோளத்தினது அல்ல என்றும் நிறுவினார். திசையோடு எண்ணினால் 7 பரிமாணத்தில் அப்படியான அமைப்புகள், வழக்கமானதையும் சேர்த்து, 28.

கேள்வி: விண்வெளி ரேடார் உயரத் தரவை வைத்து எங்கள் பகுதிக் குளங்களின் மடு, சேணம், உச்சி எல்லாவற்றையும் கணினியில் எடுத்தேன். ஆயிரக்கணக்கில் மடு வருகிறது, கூட்டல் கழித்தலும் பொருந்தவில்லை. எதைத் திருத்துவது?
— மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று எண்ணும் முறையில், மற்றது தரவில்.

எண்ணும் முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு அயல் எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும், அது ஒரு பரப்பே அல்ல, ஆகவே ஒயிலர் கணக்கு பொருந்தாது. எல்லாச் சதுரங்களையும் ஒரே திசை மூலைவிட்டத்தால் முக்கோணங்களாக்குங்கள்; ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அயல். சுற்றிவர அயல்கள் மேலே, கீழே என்று எத்தனை முறை குறி மாறுகிறது என்று எண்ணுங்கள். மாற்றம் 0 என்றால் மடு அல்லது உச்சி, 2 என்றால் சாதாரணப் புள்ளி, 4 என்றால் சேணம், 6 என்றால் குரங்குச் சேணம். உதாரணமாக நடுவில் 42, சுற்றிவர 45, 41, 44, 40, 43, 46 என்றால் குறிகள் + − + − + +. நான்கு மாற்றம், சேணம். புள்ளியின் பங்கு = 1 − (மாற்றங்கள் ÷ 2).

சம உயரங்கள் அடுத்த இடர். அந்தத் தரவு 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 30 மீற்றருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீற்றரில். வன்னி போன்ற சமநிலத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் பலவற்றுக்கு ஒரே எண் வரும். சமமானவற்றுள் வரிசை எண் பெரிய புள்ளியை உயர்ந்ததாகக் கொள்ளுங்கள். அந்த விதியைக் கணினி நிரல் முழுவதும் ஒரே மாதிரிப் பின்பற்றுங்கள். வரைபடத்துக்கு வெளியே எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒரு புள்ளியைச் சேர்த்து ஓரப் புள்ளிகள் எல்லாவற்றையும் அதோடு இணைத்து, அதையும் ஒரு மடுவாக எண்ணினால், மடு − சேணம் + உச்சி = 2 என்ற, மக்ஸ்வெல் 1870 இல் எழுதிய கணக்கு அச்சொட்டாக வரவேண்டும். குரங்குச் சேணத்தை இரண்டு சேணமாக எண்ணுங்கள். ஒன்றுகூடப் பிசகினால் நிரலில் பிழை. தரவின் மீது பழி போடாதீர்கள், எவ்வளவு மோசமான தரவிலும் இந்தக் கூட்டு 2 தான்.

தரவு. கூட்டு சரிவந்த பிறகும் ஆயிரக்கணக்கான மடு இருக்கும். அவற்றைச் சோடி சேர்த்து நீக்கவேண்டும். புள்ளிகளை உயர ஏறுவரிசையில் ஒவ்வொன்றாக நீருக்குள் சேருங்கள். புதுக்குட்டை தோன்றினால் அதன் உயரத்தைப் பதியுங்கள். ஒரு சேணத்தில் இரண்டு குட்டை சேர்ந்தால், பிந்தித் தோன்றியது, அதாவது அடி உயர்ந்தது, முடிந்துவிட்டதாகக் கொண்டு அதன் மடுவையும் இந்தச் சேணத்தையும் சோடியாக எழுதுங்கள். உயர வித்தியாசம் அந்தச் சோடியின் ஆயுள். உச்சிகளுக்கு இதையே மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். ஒவ்வொரு உயரமும் கூடினால் 3 மீற்றர் பிழைக்கலாம் என்றால், 6 மீற்றருக்கு மேல் ஆயுளுள்ள சோடிகளை நம்பலாம். அதற்குக் கீழ்ப்பட்டவை பிழையாலும் வந்திருக்கலாம், அவற்றை இரண்டு இரண்டாக நீக்குங்கள். சோடியாக நீக்குவதால் கூட்டு 2 மாறாது.

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டில் நிலத்தை எட்டாமல் மரங்களின் மேற்பகுதியிலிருந்தே பெரும்பாலும் திரும்பும். காடு வெட்டிய வயலுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் இடையே இல்லாத மேடு ஒன்று தெரியும். அந்த மேட்டின் ஆயுள் 6 மீற்றரைத் தாண்டினால் சோடி நீக்கலிலும் அது தப்பிவிடும். காட்டு விளிம்போடு ஒட்டி ஓடும் உச்சி வரிசைகளைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுக் கையால் நீக்குங்கள். இரணைமடு போன்ற பெரிய குளங்களில் தரவு காட்டுவது அன்றைய நீர்மட்டத்தை மட்டும், அடியில் உள்ள மடு எதுவும் அதில் இல்லை.

சிறு குளங்களுக்கு இந்தத் தரவு உதவாது. 3 மீற்றர் உயரக் குளக்கட்டையே அது காணாமல் விட்டுவிடலாம். வற்றிய காலத்தில் மட்டக் கருவியோடு இறங்குங்கள். எல்லாப் புள்ளியையும் அளக்க ஆள்பலம் இல்லையென்றால், கணினி காட்டும் சேணங்களை மட்டுமாவது நேரில் போய், முதுகு வழியே மிகத் தாழ்ந்த இடத்தையும் குறுக்கு வழியே மிக உயர்ந்த இடத்தையும் பிடித்து, இரண்டும் ஒரே முளையில் சந்திக்கும்வரை நகர்த்தி, அந்த முளையின் மட்டத்தைச் சென்ரிமீற்றரில் எடுங்கள்.